அக்காவின் பின்கொசுவம்

எல்லோருக்கும் வணக்கம். நான் எழுதிப் பழகியவள் இல்லை. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக மூட்டையின் மேல் போடும் ஓரெழுத்துதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னேயும், பின்னே நடந்ததை முன்னேயும் சொல்லிவிடுவேன். அக்காவின் முதல் வருஷத்துக்கு நினைவு மலர் போட வேண்டும், அதில் அத்தைதான் எழுத வேண்டும் என்று தம்பி மகன் பாஸ்கர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பேன். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில். எங்கள் அப்பா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். லைன் வீட்டில் ஒரே அறையில் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி ஐந்து பேரும் இருந்தோம். அக்கா மூத்தவர்கள். எனக்கு அவர்கள்தான் பாதி அம்மா.

எங்கள் அம்மா பின்கொசுவம் வைத்துத்தான் புடவை கட்டுவார்கள். அக்காவும் அப்படியே பழகினார்கள். இப்போதைய பெண்பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். நாம் இன்று மடிப்பை எடுத்து வயிற்றுக்கு முன்னால் செருகுகிறோம். பின்கொசுவத்தில் அந்த மடிப்பெல்லாம் முதுகுப் பக்கம் இருக்கும். இடுப்புக்கு மேலே அதன் நுனி சின்ன விசிறி மாதிரி விரிந்து நிற்கும். குனிந்து வேலை செய்ய, கூடை தூக்க, வேகமாக நடக்கத் தடையில்லாத கட்டு அது. நடக்கும்போது சரக் சரக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே அக்கா வருவது எனக்குத் தெரியும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டம் என்றால் பயம். சந்தைக்குப் போனால் அக்கா தலையில் கூடையோடு முன்னால் நடப்பார்கள். திரும்பிப் பார்க்காமலே, “கொசுவத்தைப் பிடிச்சிக்கோ” என்பார்கள். நான் அந்த விசிறியைக் கையில் பற்றிக்கொண்டு, அக்காவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். ஒருமுறை மாரியம்மன் திருவிழாவில் பயத்தில் இழுத்து, பாதி மடிப்பு கையோடு வந்துவிட்டது. அக்கா சுவரோரம் ஒதுங்கிச் செருகிக்கொண்டு, “பிடின்னு சொன்னா அவுக்குறியேடி” என்று சிரித்தார்கள். அடிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள்.

அக்காவைக் கட்டிய மாமாவும் சுரங்கத்தில்தான் இருந்தார். நெஞ்சில் தூசி இறங்கி இருமல் வந்த பிறகு கீழே இறங்க முடியவில்லை. பெங்களூருக்கு வந்து ஸ்ரீராம்புரத்தில் சின்ன வீடு பிடித்து, தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டார்கள். எனக்குக் கல்யாண வாழ்க்கை நிலைக்காமல் போனதால் நானும் அங்கேயே வந்துவிட்டேன். ஒரு நாள்கூட அக்கா முகம் கோணவில்லை. மாமாவும் கோணவில்லை. அதை இங்கே எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகுதான் செல்வி பிறந்தாள். அவள் தவழும்போதே மாமா போய்விட்டார். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை அக்கா கையில் எடுத்தார்கள். நான் துணி வாங்கி வருவேன், கொண்டுபோய்க் கொடுப்பேன். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் நீலப் பாவாடையில் சுற்றிலும் வரும் மடிப்பு இருக்கிறதே, அதை அக்கா ஒவ்வொன்றாக ஈரத்துணி வைத்து அழுத்துவார்கள். வாரம் முழுக்க அந்த மடிப்பு நிற்கும். காலையில் கரி சூடானதும் முதல் சூடு செல்வியின் பாவாடைக்குத்தான். அதற்குப் பிறகுதான் ஊர்த் துணி.

செல்வி என்னைப் போலவே கூச்சக்காரி. எங்கே போனாலும் அக்காவின் பின்னால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். அவளுக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அக்காவின் புடவையில் அவள் பிடித்த இடம் மட்டும் ஈரமாகக் கசங்கியிருக்கும். குழாயடியில் பெண்கள் அக்காவைக் கிண்டல் செய்வார்கள். “ஊரே முன்னாடி கட்டுது, நீ மட்டும் இன்னும் வாலு வெச்சிக்கினு சுத்துறியே” என்பார்கள். அதற்கு அக்கா, “வாலு இருந்தாத்தானே குட்டி பிடிச்சிக்கினு வரும்” என்பார்கள். செல்வியும் சிரிப்பாள். கையை மட்டும் எடுக்கமாட்டாள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீர்க் கலவரம் வந்தது. அதைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். தங்கவயலில் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம், ரயில் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா கன்னடக்காரர். அத்தனை நாளும் எங்களுக்குப் பால், காய் எல்லாம் அவர்தான் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அக்கா, ஹிந்தெ நெரிகெ பேடா. இவத்து ஒந்து தினா முந்தெ ஹாக்கிக்கோ. பின்னால இருந்து பார்த்தாலே தமிழ்க்காரின்னு தெரியுது” என்றார். நெரிகெ என்றால் நம்முடைய கொசுவம்தான், இன்று ஒரு நாள் அதை முன்னால் போட்டுக்கொள் என்றார். அவர் சொன்னது நியாயம். எங்கள் தெருவில் பின்கொசுவம் கட்டியவர் அக்கா ஒருவர்தான்.

அக்கா அவிழ்த்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படிக் கட்டியதில்லை என்பதால் மடிப்பு நிற்கவில்லை. ஜெயம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பாக எடுத்து முன்னால் செருகிவிட்டார். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். “அம்மா, நீ வேற யாரோ மாதிரி இருக்கே” என்றாள். அதைக் கேட்டு அன்றைக்கு நாங்கள் மூன்று பேருமே சிரித்தோம்.

வழியில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயம்மா கன்னடத்தில் பேசிக்கொண்டே ஸ்டேஷன் வரை கூட வந்தார். ஆறு வயதாகியும் அதுவரை அக்கா செல்வியை இடுப்பில் வைத்திருந்தார்கள். ஸ்டேஷனுக்குள் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மூட்டை முடிச்சோடு நின்றார்கள். ரயில் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மூட்டையைத் தலையில் ஏற்ற வேண்டியிருந்ததால் அக்கா செல்வியைக் கீழே இறக்கிவிட்டார்கள். நான் இன்னொரு மூட்டையோடு முன்னால் போய் இடம் பிடிக்கப் போனேன். அக்கா மூட்டையை ஏற்றிக்கொண்டு, எப்போதும் போலத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்கள்.

“கொசுவத்தைப் பிடிச்சிக்கோ.”

அன்றைக்குக் கொசுவம் முன்னால் இருந்தது அக்காவுக்கு நினைவில்லை. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. பிள்ளையும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டது. அந்தக் கூட்டத்தில் வட ஆற்காட்டுப் பெண்கள் எத்தனை பேர். எத்தனை பின்கொசுவம்.

ரயில் பெட்டியின் வாசலில் வந்து அக்கா பின்னால் கையைக் கொடுத்தார்கள். கையில் யாரும் இல்லை. டீ விற்கிறவர் ஒருவர் மட்டும் பார்த்திருந்தார். நீலப் பாவாடை போட்ட பெண் குழந்தை, பச்சைப் புடவைக்கார அம்மா ஒருவரின் பின்கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு போனதாம். தலையைக் குனிந்துகொண்டே போனதாம். அழவில்லையாம். தாயும் பிள்ளையும் என்று நினைத்தேன் என்றார். அடுத்த பிளாட்பாரத்திலும் ஒரு வண்டி நின்றிருந்தது. அதுவும் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு தேடாத இடம் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவர்களும் அலைந்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. தங்கவயல், பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை என்று அக்காவும் தம்பியும் போனார்கள். பச்சைப் புடவை என்பது ஒரு அடையாளமா? மறுநாளே அந்த அம்மா சிவப்பு கட்டியிருப்பார்.

செல்வி தொலைந்த அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலேயே, எல்லோரும் பார்க்க, அக்கா முன்கொசுவத்தை உருவிப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். பிறகு சாகும்வரை மாற்றவில்லை. ஜெயம்மா எங்கள் வாசலுக்கு வரவே பயந்துகொண்டிருந்தார். அக்காதான் போய்க் கூட்டிவந்தார்கள். “நீ சொன்னதாலதான் நானும் இவளும் உசுரோட வந்து சேர்ந்தோம். நீ ஏன் அழுவுறே” என்றார்கள். அந்தச் சொல்லை ஒரு நாளும் அவர்கள் மாற்றிப் பேசவில்லை. அக்காவின் குணம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இஸ்திரி வண்டியை மறுபடி திறந்தோம். செல்வியின் இன்னொரு பாவாடை வீட்டில் இருந்தது. காலையில் முதல் சூட்டை அக்கா அதற்குத்தான் வைத்தார்கள். உடுத்தாத பாவாடையை எத்தனை முறை தேய்ப்பது? துணி பளபளத்து, கடைசியில் மடிப்பு வரியெல்லாம் இற்றுப் பிளந்துவிட்டது. நான் தைத்துக் கொடுப்பேன். மறுபடி தேய்ப்பார்கள்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, சரியாக நினைவில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நானும் அக்காவும் போய்க்கொண்டிருந்தோம். நான் இரண்டடி பின்னால் வந்தேன். வேகமாகப் போன அக்கா திடீரென்று நடையைக் குறைத்தார்கள். சின்னப் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போவது மாதிரி அடி வைத்தார்கள். என்னக்கா என்று கேட்டேன். பேசாதே என்று கையைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்கள்.

“பின்னாடி இழுக்குதுடி.”

“திரும்பிப் பார்க்கறதுதானேக்கா?”

“திரும்பினா விட்டுடுவா.”

துக்கத்தில் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தேன். அக்கா புடவையை அவிழ்த்து என் மடியில் போட்டார்கள். நாங்கள் இஸ்திரி போட்டுப் பிழைத்தவர்கள். உட்கார்ந்த கசங்கல் வேறு, பெட்டியில் வைத்த கசங்கல் வேறு, பஸ்ஸில் நசுங்கிய கசங்கல் வேறு. அந்தக் கொசுவத்தில் இருந்தது கை பிடித்த கசங்கல். வேர்த்த கை பிடித்த கசங்கல் துணியில் ஆழமாக விழும், தண்ணீர் தெளிக்காமல் போகாது. நான் தண்ணீர் தெளிக்கப் போனேன். அக்கா புடவையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் பரவாயில்லை, அக்கா மலரில் பொய் எழுதக்கூடாது.

தினமும் வராது. கூட்டமான இடத்தில்தான் வரும். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, கரகத் திருவிழா. அக்கா நடையைக் குறைத்தால் நான் தெரிந்துகொள்வேன். பின்னாலிருந்து நான் பார்த்தவரை அங்கே யாரும் இருந்ததில்லை. ஆனால் விரிந்து நிற்க வேண்டிய விசிறி மூடிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வருஷம் போகப் போக அந்தக் கசங்கல் விழும் இடம் மேலே ஏறியது. முதலில் தொடைக்குப் பின்னால் இருந்தது. பிறகு இடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. அக்கா புடவையை விரித்துக் காட்டி, “வளர்றா பாரு” என்றார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுப்பைக் கவனிக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அப்புறம் ஒரு காலத்தில் அது நின்றது. நான் அக்காவை நினைத்துப் பயந்தேன். அக்கா பயப்படவில்லை. “பெரிய பொண்ணாயிட்டா. இன்னும் அம்மா கொசுவத்தைப் பிடிச்சிக்கினு வருவாளா? வெட்கமா இருக்காதா?” என்றார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைதான் வளரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில்தான் அவர்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், கரி மூட்டினார்கள்.

பாஸ்கருக்குப் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை கிடைத்து, அங்கே வீடும் எடுத்தான். இரண்டு அத்தைகளும் எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். வீட்டில் எல்லா வசதியும் இருந்தது. அக்கா போகவில்லை. “அவளுக்குத் தெரிஞ்சது இந்த சந்து ஒண்ணுதான்” என்றார்கள். வீட்டுக்காரர் சுவரை இடித்துப் பெரிதாகக் கட்டியபோதுகூட, ஜெயம்மா வீட்டு முன்னறையில் இருந்தோமே தவிர அந்தச் சந்திலிருந்து நகரவில்லை. வழியில் வயதான பெண் யாராவது பின்கொசுவத்தோடு போனால் அக்கா எந்த வேலையையும் விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே போவார்கள். முகத்தைப் பார்க்கமாட்டார்கள். பின்னால் கை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அப்படிக் கட்டுகிறவர்களும் ஊரில் இல்லாமல் போனார்கள். கடைசியில் அக்கா ஒருவர்தான்.

செல்வி தொலைந்து பதினெட்டு வருஷம் ஆன பிறகு, போன வருஷம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கரிப்புகை என்றார் டாக்டர். படுக்கையில் கிடந்தபோதும் புடவையை முன்னால் செருகவிடவில்லை. ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்கள்.

“நான் போனப்புறம் என்னைக் கட்டும்போது கொசுவம் பின்னாடி வைடி.”

“அதெல்லாம் எதுக்குக்கா இப்போ.”

“முன்னாடி வெச்சா எதைப் பிடிப்பா?”

சரி என்று சொன்னேன். நான் அதிகம் பேசமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பெண்கள் கூடி ஒன்று சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. என் சொல்லைக் கேட்டு அக்காவை யார் அப்படிக் கட்டுவார்கள் என்று அன்றிலிருந்தே எனக்குக் கவலை.

அக்கா போன அன்று அதேதான் நடந்தது. குளிப்பாட்டி முடித்ததும் உறவுப் பெண்கள் புதுப் புடவையை முன்னால் மடிக்கத் தொடங்கினார்கள். பின்னால் என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன். படுத்த உடம்புக்குப் பின்கொசுவம் யார் வைப்பார்கள், பூ வாடுகிறது, எடுக்கும் நேரம் ஆகிறது என்றார்கள். பெரியம்மா மகள் என் தோளைத் தொட்டு, “முதுகுல உறுத்தும்மா” என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்.

“உறுத்தட்டும். இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும்” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஜெயம்மா, முட்டி வலியோடு சுவரைப் பிடித்து எழுந்துவந்தார். அக்காவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து என் பக்கமாகச் சாய்த்தார். “நான் ஹிடீத்தினி, நீ ஹாக்கு” என்றார். அவர் பிடித்துக்கொண்டார், நான் மடிப்பு எடுத்தேன். அம்மா எடுத்த மாதிரி, அக்கா எடுத்த மாதிரி, விரல் இடைவெளி மாறாமல் எடுத்துச் செருகினேன். அத்தனை வருஷமும் நெரிகெ என்றே சொல்லிக்கொண்டிருந்த ஜெயம்மா அன்றைக்கு, “கொசுவம் சரியா வந்துச்சா?” என்று கேட்டார். சரியாக வந்தது. விசிறியின் ஒரு ஓரத்தை மட்டும் இடுப்புக்குக் கீழிருந்து இழுத்து, பாடையின் பக்கவாட்டில் ஒரு கை அளவு தொங்கும்படி விட்டேன்.

தெரு முனை வரை பெண்கள் நாங்கள் போனோம். அதற்கு மேல் நம் வழக்கப்படி ஆண்கள்தான். நான் திரும்பிவந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மயானத்திலிருந்து பாஸ்கர் வந்தான். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டான்.

“அத்தை, முனை தாண்டியும் ஒரு பொண்ணு வந்துச்சே, யாரு அது? கொசுவத்தைப் பிடிச்சிக்கினே வந்துச்சு.”

எந்தப் பெண் என்றேன்.

“இருபது, இருபத்தஞ்சு வயசு இருக்கும். தலையைக் குனிஞ்சிக்கினு வந்துச்சு, மூஞ்சி தெரியல. மாமா பக்கத்துச் சொந்தம்னு விட்டுட்டேன். மயானத்து கேட்டுகிட்ட தோள் மாத்தும்போது பார்த்தேன், இல்ல.”

அது பிடித்த இடத்தில் துணி எப்படி இருந்தது என்றேன். பாஸ்கர் யோசித்துவிட்டுச் சொன்னான்.

“கசங்கியிருந்துச்சு. ஈரமா இருந்துச்சு அத்தை. பூவுல தெளிச்ச தண்ணின்னு நினைச்சேன்.”

பூ அக்காவின் நெஞ்சின் மேல் இருந்தது. கொசுவத்தின் பக்கம் பூவே இல்லை.

அக்காவின் கதை இவ்வளவுதான். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அன்றும் இன்றும் கூட நிற்கும் ஜெயம்மாவுக்கு, செலவும் அலைச்சலும் பாராமல் எல்லாம் செய்த பாஸ்கருக்கும் அவன் வீட்டாருக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கு, எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த சந்து ஜனங்களுக்கு, தங்கவயலிலிருந்து வந்த சொந்தங்களுக்கு என் கும்பிடு. யார் பேராவது விட்டுப்போயிருந்தால் அது மறதியே தவிர மனசில் ஒன்றுமில்லை.

நான் மற்றவர்களைப் போல எப்போதோ முன்கொசுவத்துக்கு மாறியவள். அக்கா போன பிறகு பின்னால் வைத்துக் கட்டுகிறேன். செல்வியின் பாவாடை என்னிடம்தான் இருக்கிறது, இனி தேய்த்தால் தாங்காது என்று மடித்து வைத்திருக்கிறேன். இந்தச் சந்திலிருந்து நானும் போகவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதில் ஊர், வருஷம், முறை எது தப்பாக இருந்தாலும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அதைவிட முக்கியமாக, அன்றைக்கு முனை தாண்டிக் கொசுவத்தைப் பிடித்து வந்த பெண் உங்கள் யார் வீட்டுப் பெண் என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்தான் என்றால் அவளுக்கும் நன்றி சொல்ல வேண்டும், பெயர் விட்டுப்போகக்கூடாது. யாராவது வந்து சொல்லும்வரை, கடைத்தெருவில் நான் மெதுவாகத்தான் நடப்பேன். திரும்பிப் பார்க்கமாட்டேன்.